படைவீரரின் இல்லமும் நம் நன்றிக்கடனும்

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாளைப் படைவீரர் கொடி நாளாக நம் நாடு கொண்டாடி வருகிறது. 1949-இல் தொடங்கிய வழக்கம் இது. சிறு கொடியொன்றைச் சட்டையில் குத்திக்கொள்கிறோம். உண்டியலில் இயன்றதை இடுகிறோம். நல்ல செயலே. ஆயினும், தாம் மதிக்கப்படுகிறோம் என்பதைப் படைவீரர் உள்ளூர உணர்வது எப்போது? கொடியைக் கண்டா? மாலையைப் பெற்றா?

லடாக்கின் பனியிலோ இராஜஸ்தானத்தின் மணலிலோ காவல் நிற்கும் மகனுக்கு, ஊரில் தாய் நோயுற்றிருக்கும் செய்தி வருகிறது. உடனே புறப்பட்டு வரக் கடமை இடம் தருவதில்லை. அந்த இரவில் அவருக்கு வேண்டுவது புகழுரை அன்று. “அம்மாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம், கவலைப்படாதே” என்னும் ஒரு சொல்லே வேண்டும். தம் இல்லத்தாரின் நலத்தைப் பேண நாடு இருக்கிறது, ஊர் இருக்கிறது என்ற உறுதியே அவர் பெறும் உண்மையான மரியாதை.

நூற்றுவர் தலைவரின் வேண்டுகோள்

கப்பர்நாகுமில் ஆண்டவர் இயேசுவை நாடி வந்த நூற்றுவர் தலைவரை நினைத்துப் பாருங்கள். அவரும் படைவீரரே. பதவியையோ பொருளையோ அவர் கேட்கவில்லை. தம் வீட்டில் நோயுற்றுக் கிடந்த ஊழியருக்காகவே மன்றாடினார். அவரது விசுவாசத்தை ஆண்டவர் வியந்து போற்றினார். திருப்பலியில் நற்கருணை உட்கொள்ளுமுன் நாம் சொல்லும் மன்றாட்டு, அந்தப் படைவீரரின் சொல்லிலிருந்தே பிறந்தது. இல்லத்து நோயாளியைப் பற்றிய அவரது கவலையை ஆண்டவர் சிறிதாக எண்ணவில்லை. நாம் எண்ணலாமா?

அவர்களுக்குரிய உரிமைகள்

பணியிலிருக்கும் வீரரின் மனைவி மக்களுக்கும், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் இராணுவ மருத்துவமனைகளில் மருத்துவம் உண்டு. ஓய்வுபெற்றோருக்கென 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கப்பட்டது முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். இ.சி.எச்.எஸ். என்றே அதனைப் பலரும் அறிவர். ஓய்வூதியம் பெறும் வீரர் தம் பதவிநிலைக்கேற்ப ஒருமுறை பங்களிப்புச் செலுத்தினால் போதும். வாழ்நாள் முழுவதும் அவருக்கும் மனைவிக்கும், விதிகளுக்குட்பட்டு அவரைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் கிடைக்கிறது. முன்னரே இருந்த நோயென்றும் முதிர்ந்த வயதென்றும் காரணம் காட்டி இதில் எவரையும் விலக்குவதில்லை. போரில் கணவரை இழந்த கைம்பெண்கள் பங்களிப்புச் செலுத்த வேண்டியதில்லை.

வழக்கமாக முதலில் இத்திட்டத்தின் பாலிகிளினிக்கை அணுக வேண்டும். அங்குள்ள மருத்துவர் தேவையறிந்து, திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார். உயிருக்கு ஆபத்தான வேளையில் அருகிலுள்ள எந்த மருத்துவமனையிலும் சேர்க்கலாம். ஆனால் 48 மணி நேரத்திற்குள் பாலிகிளினிக்கிற்குத் தெரிவித்தல் வேண்டும். இந்த ஒரு விதியை அறியாமையால் கடனில் விழும் குடும்பங்களும் உண்டு.

பெயரில் வரும் இடர்

நம் கத்தோலிக்க இல்லங்களில் கருத்தாய் இருக்க வேண்டியது ஒன்றுண்டு. திருமுழுக்கில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் அழைக்க ஒரு பெயர் என்பது நம்மிடையே வழக்கம். படைப்பிரிவின் பதிவேட்டில் மனைவியின் பெயர் ஒன்றாகவும், ஆதார் அட்டையில் வேறொன்றாகவும் இருந்தால், மருத்துவ அட்டை பெறுவது தடைப்படும். திருமணத்தையும் குழந்தைகளின் பிறப்பையும் படைப்பதிவில் உடனுக்குடன் சேர்த்தல் வேண்டும். கணவர் மறைந்தபின் இவற்றைத் திருத்த அலைவது, துயரின்மேல் ஏற்றிய சுமை. வீரர் விடுமுறையில் வரும்போதே குடும்பமாக அமர்ந்து ஆவணங்களைச் சரிபார்த்தல் நலம்.

2022-இல் தொடங்கிய அக்னிபாத் திட்டத்தின்கீழ் சேரும் இளைஞர்களின் பெற்றோரும் ஒன்றை அறிதல் வேண்டும். நான்கு ஆண்டு முடிந்து வெளியேறுவோருக்கு ஓய்வூதியமும் இ.சி.எச்.எஸ். வசதியும் உண்டென அத்திட்ட விதிகள் சொல்லவில்லை. ஆகவே அவர்கள் பிற்காலத்திற்கு வேறு ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும்.

பங்கு மக்கள் செய்யத்தக்கது

புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் இளமையில் படைவீரராய் இருந்தவர். ஆறாத கால் புண்ணோடு உரோமை மருத்துவமனையில் துன்புற்ற அவரே, பின்னர் நோயாளர் பணிக்கெனத் துறவற சபையொன்றை நிறுவினார். 1595-இல் அவருடைய சகோதரர்கள் ஹங்கேரிப் போர்க்களத்திற்கும் சென்று, காயமுற்றோரைப் பேணினர். நோயுற்ற வீரருக்குச் செய்யும் பணி திருச்சபைக்குப் புதிதன்று.

நாம் போர்க்களம் செல்ல வேண்டியதில்லை. நம் அன்பியத்தில் படைவீரர் குடும்பம் எது என்று அறிந்துகொள்வோம். முதிய பெற்றோரைப் பாலிகிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல இளைஞர் ஒருவர் முன்வரலாம். கைம்பெண் ஒருவருக்காக மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு வின்சென்ட் தே பவுல் சபையினர் துணைபோகலாம். விண்ணப்பத்தை நிரப்பித் தர ஆசிரியர் ஒருவர் அரைமணி ஒதுக்கலாம்.

எல்லையில் நிற்பவர் நம் இல்லங்களைக் காக்கிறார். அவர் இல்லத்தை நாம் காப்போம். அதுவே அவர் மனமறிய நாம் சொல்லும் நன்றி.