இன்ஜினைப் பிரிக்கும் முன் சென்சாரைக் கேளுங்கள்

வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு பகுதிகளில் இருந்து விடியற்காலையில் கத்தரி, கீரை, வாழை, பூ என ஏற்றிக்கொண்டு புதுச்சேரி நகரின் பெரிய மார்க்கெட்டுக்கு வரும் வண்டிகளில் பெட்ரோல் கார்களும் சிறு சரக்கு வாகனங்களும் உண்டு. பாரத்துடன் மேம்பாலம் ஏறும்போது இன்ஜினில் ‘டிக் டிக்’ என்று இரும்பில் தட்டுவது போல ஒலி கேட்டால் விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். பட்டறைக்குப் போனால், "போர் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அப்படி ஒரு முறை இன்ஜினை இறக்கினால் ஒரு போகத்து வருமானம் அதிலேயே கரைந்துவிடும்.

மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடுவது எப்படித் தவறோ, அப்படித்தான் சென்சார் அளவுகளைப் பார்க்காமல் இன்ஜினைப் பிரிப்பதும். பெரிய செலவில்லாமல் இந்தப் பரிசோதனையைச் செய்ய முடியும்.

நாக்கிங் என்பது என்ன?

பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு முனையில் பிடித்து சீராகப் பரவ வேண்டும். சிலிண்டருக்குள் வெப்பமும் அழுத்தமும் அளவுக்கு மீறினால், தீ போய்ச் சேரும் முன்பே மூலையில் எஞ்சியுள்ள பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதும் ஒலிதான் நாக்கிங். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் தலை அரிக்கும், ரிங் உடையும், ஹெட் கேஸ்கட் கருகும்.

பெட்ரோல் இப்படித் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் காட்டுகிறது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய பம்ப்செட்டுகளை நம் விவசாயிகள் அறிவார்கள். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் மிகக் குறைவு என்பதால், அந்த இன்ஜின்களைக் குறைந்த அழுத்த விகிதத்தில் வடிவமைத்தார்கள். இன்றைய கார்களில் அந்த விகிதம் பத்துக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ இருக்கும். அதில் மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் விழுந்தால் நாக்கிங் நிச்சயம்.

ஒலி மறைந்தாலும் நோய் மறையாது

நாக் சென்சார் என்பது இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கப்பட்ட ஒரு சிறு வில்லை. அதற்குள் இருக்கும் படிகம் அதிர்ந்தால் மின்சாரம் தரும். இந்தப் பண்பை 1880இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். சிலிண்டரின் விட்டத்தைப் பொறுத்து, நாக்கிங்கின் அதிர்வு விநாடிக்கு சுமார் 6,000 முதல் 8,000 வரை இருக்கும். அந்த அதிர்வு வந்ததும் இன்ஜினின் கணினியான இ.சி.யு., பொறி விடும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடும். நாக்கிங் நின்றதும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

பழைய கார்பரேட்டர் வண்டியில் நாக்கிங் காதில் கேட்டது. இன்றைய வண்டியில் கணினி அதை அடக்கிவிடுவதால் பல நேரம் ஒலியே வராது. இழுவை குறையும், மைலேஜ் இறங்கும், அவ்வளவுதான். அதனால் காதை மட்டும் நம்பினால் போதாது. எண்களைப் பார்க்க வேண்டும்.

என்ன கருவி வேண்டும்?

2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் செருகி செல்போனுடன் புளூடூத்தில் இணைக்கும் சிறு ஸ்கேனர், சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. இன்ஜின் வேகம், பாரம், கூலன்ட் வெப்பம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், பொறி நேரம், எரிபொருள் திருத்தம் ஆகியவற்றை அதில் பார்க்கலாம். நாக்கிங்கால் எத்தனை டிகிரி தள்ளிப்போடப்பட்டது என்ற எண்ணை மட்டும் சாதாரண ஸ்கேனர் எல்லா வண்டியிலும் காட்டாது. அதற்குக் கம்பெனி ஸ்கேனர் வேண்டும். ஆனால் பொறி நேரத்தை ஒப்பிட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

அளவெடுக்கும் முறை

கூட்டமில்லாத நேரான சாலையில் ஒருவர் ஓட்ட, மற்றொருவர் போனில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டுபவர் போனைப் பார்க்கக் கூடாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மூன்றாவது கியரில் 1,500 முதல் 2,500 சுற்று வரை ஆக்சிலரேட்டரை அழுத்தி ஓட்டிப் பதிவு செய்ய வேண்டும். காலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை. வெறும் வண்டியில் ஒருமுறை, வழக்கமான பாரத்துடன் ஒருமுறை. வண்டி நன்றாக இருக்கும்போதே இப்படி ஒரு பதிவு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. உதாரணமாக, அன்று 2,000 சுற்றில் 18 டிகிரி காட்டிய வண்டி, இன்று அதே பாரத்தில் 10 டிகிரி காட்டினால் கணினி எதையோ அடக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எண் சொல்லும் காரணம்

வெப்பம்: கூலன்ட் வெப்பம் பெரும்பாலும் 85 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். 105ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் முதலில் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். களத்துமேட்டுக்குப் போய்வரும் வண்டிகளில் பதரும் தூசியும் ரேடியேட்டர் இடுக்குகளை அடைத்துவிடும். தெர்மோஸ்டாட், மின்விசிறி, கூலன்ட் அளவு ஆகியவை அடுத்து.

எரிபொருள் பற்றாக்குறை: நீண்டகால எரிபொருள் திருத்தம் கூட்டல் 10 சதவீதத்தைத் தாண்டி நின்றால், கலவையில் பெட்ரோல் போதவில்லை. காற்றுக் குழாய் கசிவு, அடைத்த பில்டர், வலுவிழந்த பம்ப் ஆகியவற்றைச் சோதிக்கலாம்.

பெட்ரோலின் தரம்: வெப்பமும் திருத்தமும் சரியாக இருந்து, பாரத்தில் மட்டும் பொறி நேரம் சரிந்தால் பெட்ரோலைச் சந்தேகிக்கலாம். டேங்க் காலியாகும் நிலையில் வேறு பங்க்கில், முடிந்தால் கூடுதல் ஆக்டேன் பெட்ரோல் நிரப்பி அதே சாலையில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். எண் திரும்பி வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பங்க்கில் வடிகட்டித் தாள் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு.

கரி: எந்தப் பெட்ரோல் போட்டாலும் மாற்றமில்லை என்றால் பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கலாம், அல்லது பொருந்தாத பிளக் போடப்பட்டிருக்கலாம். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது செலவில்லாத முதல் வேலை.

சென்சாரே பழுது: ‘பி0325’ என்ற குறியீடு வந்தால் சென்சார் அல்லது அதன் வயரில் கோளாறு. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் எலி வயரைக் கடிப்பது வழக்கம். கடலோர உப்புக் காற்றில் கனெக்டரில் பச்சை பூக்கும். சென்சாரின் பேச்சு கேட்காதபோது கணினி பாதுகாப்புக்காகப் பொறி நேரத்தைக் குறைத்தே வைக்கும். அதனால் நாக்கிங் இல்லாமலேயே இழுவை போய்விடும். மாற்றும்போது போல்ட்டைக் கம்பெனி சொன்ன அளவில், பெரும்பாலும் சுமார் 20 நியூட்டன் மீட்டரில், டார்க் ரெஞ்சு கொண்டு இறுக்க வேண்டும். தளர்ந்தாலும், மிகையாக இறுகினாலும் அளவு தவறும்.

ஒலி உண்டு, எண் மாறவில்லை: அது டேப்பெட் ஒலியாகவோ, தளர்ந்த தகடாகவோ இருக்கலாம். பாரம் ஏற ஏற ‘கட கட’ என்று கனமாகக் கேட்டு, ஆயில் விளக்கும் எரிந்தால் பேரிங் பழுது. உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

எத்தனால் மேல் பழி

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தபின் நாக்கிங்குக்கு அதுவே காரணம் என்று பேசப்படுகிறது. கரும்பு விவசாயிகளும் இதை அறிய வேண்டும். எத்தனாலின் ஆக்டேன் சுமார் 108. பி.எஸ். 6 பெட்ரோலுக்கு 91 என்றிருந்த ஆக்டேன் எண், இ20இல் 95 ஆக உயர்ந்துள்ளது. எனவே கலப்பு நாக்கிங்கைத் தணிக்கவே செய்யும். எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையலாம், எரிபொருள் திருத்தமும் சில சதவீதம் கூடலாம். கணினி இல்லாத பழைய கார்பரேட்டர் வண்டிகளில்தான் கலவை மெலிந்து இன்ஜின் சூடேற வாய்ப்பு உண்டு.

டிராக்டருக்கு இது பொருந்துமா?

பொருந்தாது. டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. டீசல் தானாகப் பற்றுவதே அதன் இயல்பு, ‘தட தட’ ஒலியும் இயல்பே. திடீரென ஒலி மாறினால் இன்ஜெக்டரையும் டீசல் தரத்தையும் பார்க்க வேண்டும்.

உழவர் குழுக்களும் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஊருக்கு ஒரு ஸ்கேனர் வாங்கி வைக்கலாம், விரிவாக்கப் பணியாளர்கள் ஓட்டத் தெரிந்த இளைஞர்களுக்குப் பழக்கிக் கொடுக்கலாம். பட்டறையில் குறியீட்டை அழிக்கும் முன், அது பதிவான நேரத்தில் இன்ஜின் இருந்த நிலையைக் கணினி சேமித்து வைத்திருக்கும். அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்ட பிறகே அழிக்கச் சொல்ல வேண்டும். அந்தப் படம் கையில் இருந்தால், இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் "எந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்று தயங்காமல் கேட்கலாம்.