மெலிவுத் தானமும் வால்வு விரியலாக்கியும்

தமிழிசை மரபு ஒலியின் தானங்களை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்துள்ளது. கீழ்த்தானத்து ஒலிக்கு மெலிவு என்னும் பெயர் செவியுணர்வுக்கு மிகவும் பொருத்தமானதே. ஆயினும், அம்மெலிந்த ஒலியைப் பெருமண்டபம் எங்கணும் கேட்கச் செய்ய முற்படும் பொறியியலாளனுக்கு வேண்டப்படுவது வலிவேயாம். மின் பேஸ் கிற்றாருக்கென அமைந்த முழுவால்வு விரியலாக்கி இம்முரணிலிருந்து தோன்றியதாகும்.

1951 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பென்டர் என்பார் தமது மின் பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் மிகத் தாழ்ந்த நரம்பு செக்கனுக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கின்றது. இத்துணைத் தாழ்ந்த ஒலியை மனிதச் செவி எளிதில் ஏற்பதில்லை என்பதைப் பிளெச்சர், மன்சன் என்னும் ஆய்வாளர் இருவர் 1933 இல் அளந்து காட்டினர். மேலும், விரியலாக்கியின் வலுவை இரட்டித்தால் ஒலி மூன்று தெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்றவேண்டுமாயின் வலு ஏறக்குறையப் பத்து மடங்காதல் வேண்டும். கிற்றாருக்கு 50 உவாற்றுப் போதுமான மேடையிலே பேஸ் வாசிப்பவர் தமது ஒலி எங்கே போயிற்று எனத் தேடியதன் காரணம் இதுவே.

அக்குறையைத் தீர்க்க முயன்றவற்றுள் அமெரிக்காவின் அம்பெக் நிறுவனம் 1969 இல் வெளியிட்ட எஸ். வி. ரி. என்னும் விரியலாக்கி தலையாயது. அதன் வலு 300 உவாற்று. அதனுள் 14 வால்வுகள் இருந்தன. அவ்வாண்டு றோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதனைப் பயன்படுத்தினர். பத்து அங்குல ஒலிபெருக்கிகள் எட்டுக் கொண்ட பெட்டி ஒன்று அவ்வலுவைத் தாங்காதென அஞ்சி, தொடக்கத்தில் ஒவ்வொரு விரியலாக்கிக்கும் அத்தகைய பெட்டிகள் இரண்டை இணைத்தனர்.

வால்வு தொழிற்படும் முறை கடினமானதன்று. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயினுள்ளே சூடேற்றப்பட்ட கதோட்டு இலத்திரன்களை வெளிவிட, அனோட்டு அவற்றை ஈர்க்கின்றது. இரண்டிற்கும் இடையே நிற்கும் நெய்யரிக்கு வழங்கும் மிகச் சிறிய உவோற்றளவு மாற்றம், அப்பெரிய ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கின்றது. பெருமடையின் நீரைச் சிறு பலகை ஆள்வது போல என்க. ஆனால் வால்வின் வெளியீடு உயர்ந்த உவோற்றளவும் சிறிய ஓட்டமும் உடையது. ஒலிபெருக்கி வேண்டுவதோ இதற்கு நேர்மாறானது. இவ்விரண்டையும் பொருத்துவது வெளியீட்டு நிலைமாற்றி. அதிர்வெண் தாழத் தாழ அதன் இரும்பு அகணி பருத்தல் வேண்டும். இன்றேல் இரும்பு காந்தத்தால் நிரம்பி ஒலி கெடும். விரியலாக்கி ஏறக்குறைய 40 கிலோ கிராம் நிறையுடையதாவதற்குப் பெருங்காரணம் கண்ணாடிக் குழாய்களல்ல, இந்த இரும்பே. அதனைச் சுமந்து படியேறுவோர் வால்வுகளை நோவது நியாயமன்று.

இன்று 300 உவாற்றுக்கு மேற்பட்ட திரான்சிற்றர் விரியலாக்கிகள் மூன்று கிலோவுக்கும் குறைந்த நிறையில் கிடைக்கின்றன. அவ்வாறாயின் பழையதை ஏன் நாடுகின்றனர்? பழைமைப் பற்று ஓரளவு உண்டென்பதை மறுத்தற்கில்லை. எனினும் வேறொரு காரணமும் உண்டு. எல்லை மீறி உந்தப்படும்போது வால்வு பொதுவாக அலையின் முடியைச் சடுதியாக வெட்டாது மெல்ல மழுக்குகின்றது. அப்போது தோன்றும் மேற்சுரங்கள் செவி நன்கு உணரும் எல்லையில் விழுதலால், தாழ்ந்த சுரம் தெளிவாகவே புலப்படுகின்றது. அம்பெக்கைத் தோற்றுவித்த எவரெற் ஹல், தாமே பெரிய நரம்புப் பேஸ் வாசித்தவர், இத்தகைய ஒலிச்சிதைவை வெறுத்தவர். அவருடைய நிறுவனத்தின் பெயரோ அச்சிதைவினாலேயே பலராலும் போற்றப்படுகின்றது.

இக்கருவியைக் கையாளுவோர் இரண்டினை மறவாதிருத்தல் நன்று. ஒலிபெருக்கியை இணைக்காமல் இதனை இயக்கின் வெளியீட்டு நிலைமாற்றி பழுதடையக்கூடும். உள்ளே 600 உவோற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகள் அதனைத் தேக்கிவைத்திருக்கும் ஆதலின், மின்வடத்தைக் கழற்றிவிட்டோம் என்னும் துணிவில் மூடியைத் திறந்து கை வைத்தல் உயிருக்கே கேடாகும்.