ஆடுவோரும் அளப்போரும்

மாசி மாதத்தில் ஊவாத் தோட்டங்களில் காமன் கூத்து நிகழும்போது, அதனைக் காணவரும் ஆராய்ச்சியாளர் ரதியின் புலம்பலில் அமைந்த மெட்டையும் வேடப் புனைவையும் குறித்துக்கொள்வார். நோன்பிருந்து வேடம் தாங்கியவருக்கும், கண்விழித்துக் காத்திருக்கும் லயத்து மக்களுக்கும் அது நேர்த்திக்கடன். கூத்து ஒன்றே, அதனிடம் இவ்விரு சாராரும் எதிர்பார்ப்பது வேறு வேறு.

இன்றைய வீடியோ விளையாட்டுகளைப் பற்றி விமர்சகருக்கும் சாதாரணமாக ஆடுவோருக்கும் இடையே எழுகின்ற வழக்கும் இத்தகையதே. தமிழருக்கு நெருங்கிய சான்றொன்றைக் காண்போம்.

கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. தமிழகத்தை விட்டுக் கனடாவில் குடியேறிய வெண்பா என்னும் தாய், சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலியும் புட்டும் செய்கிறாள். மகன் கவினோ தாய்மொழியை விட்டு விலகிச் செல்கிறான். விமர்சகர் பலர் இதனை உவந்து போற்றினர். 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகம் அறிமுகப் படைப்புக்கான விருதை இதற்கு அளித்தது. ஆயினும், ஆடியோரில் ஒருசாரார், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டத்திற்கு இத்துணை விலையா என்று குறைபட்டனர்.

விமர்சகர் ஓராண்டில் எத்தனையோ விளையாட்டுகளை ஆடுகின்றவர். பெரும்பாலும் விலையின்றியே பெறுகின்றவர். பழகிய அச்சில் வார்த்தவற்றைக் கண்டு சலித்த அவருக்குப் புதுமையே விருந்து. சுருக்கமும் ஒரு சிறப்பாகும். சொந்தப் பணம் கொடுத்து வாங்குபவரோ, இது எத்தனை மாலைப் பொழுதுகளுக்குத் துணையாகும் என்று கணக்கிடுகிறார். 'வெண்பா'வின் விலை ஏறத்தாழ 15 அமெரிக்க டொலர். தோட்டத் தொழிலாளிக்கு அந்த ஆண்டில் நாட்சம்பளம் 1,000 ரூபா. அன்றைய நாணய மாற்றின்படி, நான்கு நாள் உழைப்பும் அந்த விலைக்குப் போதாது! அன்றியும், அதனை ஆடக் கணினியோ தனி விளையாட்டுக் கருவியோ வேண்டியிருந்தது.

2017இல் வெளியான 'ஃப்ரீ ஃபயர்' விலையின்றிக் கிடைப்பது. மலிவான கைத்தொலைபேசியிலும் இயங்குவது. ஐம்பதுபேர் கலந்துகொள்ளும் ஓர் ஆட்டம் பத்து நிமிடங்களில் முடிந்துவிடுவது. லுணுகலைத் தோட்டத்து இளைஞன், கொழும்புக் கடையில் வேலை செய்யும் தன் தோழனோடு ஒரே அணியில் நின்று ஆடலாம். இதில் புதுமை யாதுளது என்று வினவும் விமர்சகர், அவ்விளைஞன் அதில் தேடுவது தோழமை என்பதை மறந்துவிடுகிறார்.

எனினும், 'வெண்பா'வின் கதை யாருக்கு உரியது? கடல் கடந்துவந்து, மொழியையும் கைப்பக்குவத்தையும் நினைவிலேயே காத்துவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பதுளை மலைச்சரிவுகளில் வாழ்கின்றனர். அத்தாயின் ஏக்கம் அவர்கள் வீட்டு ஏக்கமே. அதனைச் சிறிதென்று தள்ளுபவர் தமக்குரிய ஒன்றை இழக்கின்றனர். அவர்கள் கைக்கு எட்டாத விலையை எண்ணிப் பாராது புகழ்பவரோ பாதி உண்மையையே உரைக்கின்றார். படைப்பின் தரத்தை எடுத்துரைக்கும்போதே அதன் விலையையும், அதற்கு வேண்டிய நேரத்தையும் கருவியையும் சேர்த்துச் சொல்வாராயின், அவ்விமர்சகரின் சொல்லுக்கு லயத்து வாசலிலும் மதிப்பு உண்டாகும்.