மூச்சு வாங்கியும் சோர்ந்த பிள்ளை

விடியற்காலையிலே சுன்னாகம் சந்தைக்குள் நுழைபவர் கண்ணில் மரவள்ளிக்கிழங்குக் குவியல் படாமற் போகாது. செம்மண் இன்னும் உலராமல் ஒட்டியிருக்கும். கைதேர்ந்த இல்லத்தரசிகள் கிழங்கின் நுனியைச் சிறிது முறித்து, உள்ளே கறுத்த கோடு ஓடியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே விலை பேசுவர். வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னரும் அவர்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. கிழங்கை அவிக்கும்போது சட்டியை மூடலாகாது. கிழங்குண்ட வயிற்றிலே இஞ்சி சேர்க்கலாகாது. ஏன் என்று கேட்டால், "மூத்தவை சொன்னது" என்பதோடு விடை முடிந்துவிடும்.

முதலாவது விதியை நான் ஒருமுறை மீறினேன். 1991ஆம் ஆண்டு. பொருளாதாரத் தடை குடாநாட்டை இறுக்கிக்கொண்டிருந்த காலம். எனக்குப் பத்து வயது; தங்கைக்கு ஆறு. அம்மா தோட்ட வேலைக்குப் போய்விட்டார். அம்மம்மா காய்ச்சலோடு படுத்திருந்தார். தங்கையின் பசி பொறுக்காமல் நானே அடுப்பை மூட்டினேன். விறகை மிச்சம் பிடிக்கவேண்டுமென்ற பெரியமனிதப் புத்தி வேறு! சட்டியை இறுக மூடி, கிழங்கை அரை அவியலில் இறக்கிவிட்டேன். அது சற்றுக் கைத்தது. நான் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். அவளோ சட்டி வெறுமையாகும்வரை உண்டாள். சிறிது நேரத்திலே தலையிடி என்றாள், வாந்தி எடுத்தாள், பின்பு கண்ணைத் திறக்கவும் மாட்டாதவளாய்த் துவண்டாள். மாமா அவளைச் சைக்கிளிலே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். காய்ச்சலையும் மறந்து பின்னாலே ஓடிவந்த அம்மம்மா டொக்டரிடம் கேட்டது இன்றும் என் செவியில் இருக்கிறது: "மூச்சு நல்லா வாங்குது ஐயா, பிறகேன் பிள்ளை இப்பிடிச் சோருது?"

"பொறுங்கோ அம்மா, பிள்ளையை முதல்லே பாப்பம்" என்றார் அவர். மறுநாட் காலையில் தங்கை எழுந்திருந்து தேநீர் கேட்டாள். சீனிக்கு எங்கே போவது? பனங்கட்டித் துண்டொன்றைக் கையிற் கொடுத்து, வெறுந்தேநீர் கொடுத்தார்கள். அம்மம்மாவின் கேள்வி மட்டும் விடையின்றி நின்றது. அதற்குரிய விடையைப் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே நான் கற்றேன். இப்பொழுது ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லி வருகிறேன்.

மூச்சு வாங்குவதும் சுவாசிப்பதும் ஒன்றென்றே நாம் எண்ணிவிடுகிறோம். நெஞ்சு விரிந்து சுருங்குவது காற்றை உள்ளே கொண்டுவரும் வண்டியோட்டம் மாத்திரமே. சரக்கு இறங்குமிடம் வேறு. நுரையீரலிலே குருதியில் ஏறும் ஒட்சிசன் உடலெங்குமுள்ள கோடானுகோடிக் கலங்களைச் சென்றடைகிறது. அங்கே, ஒவ்வொரு கலத்தினுள்ளும் நடப்பதே உண்மைச் சுவாசம். நாம் உண்ட சோறும் பிட்டும் கிழங்கும் குடலிலே குளுக்கோசாக உடைந்து, அதே குருதி வழியாக அதே கலங்களைச் சேர்கின்றன.

குளுக்கோசை அடுப்பிலிட்டு எரித்தால் 180 கிராமிலிருந்து ஏறத்தாழ 2,800 கிலோயூல் சத்தி வெளிப்படும். கலமும் அதையே எரிக்கிறது. முடிவிற் கிடைப்பனவும் அதே காபனீரொட்சைட்டும் நீருமே. ஆனால் ஒரே மூச்சில் எரித்தால் கலம் வெந்துபோகுமன்றோ? ஆகவே நொதியங்களின் துணைகொண்டு படிப்படியாக, சிறுகச் சிறுக எரிக்கிறது. சந்தையிலே பெரிய தாள் ஒன்றை நீட்டிக் கீரைப்பிடி கேட்டால் கடைக்காரி முகத்தைச் சுளிப்பாள். குளுக்கோசு அத்தகைய பெரிய தாள். கலத்தின் சிறு செலவுகளுக்கு அதைச் சில்லறையாக மாற்றியாக வேண்டும். அந்தச் சில்லறைக்கு அடினோசின் முப்பொசுபேற்று என்று பெயர். மாணவர் சுருக்கமாக ஏ.ரி.பி. என்பர். தசை சுருங்குவதற்கும், நரம்பு செய்தி கடத்துவதற்கும், புதிய புரதம் கட்டப்படுவதற்கும் இந்த நாணயமே செல்லும்.

மாற்றுதலின் முதற்கட்டம் கலத்தின் திரவப் பகுதியிலேயே நடைபெறுகிறது. பத்துப் படிகளிலே குளுக்கோசு இரண்டாகப் பிளந்து பைருவிக்கமிலம் ஆகிறது. இதற்கு ஒட்சிசன் வேண்டியதில்லை. ஆனால் நிகர வருவாய் இரண்டே நாணயங்கள். இக்கட்டத்தோடு நின்றுவிடுவோரைக் காணவேண்டுமானால் பனைமரத்தை அண்ணாந்து பாருங்கள். வெறும் முட்டியிலே சேரும் பனஞ்சாற்றில் மதுவம் என்னும் நுண்ணங்கி புகுந்து, வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிவிடுகிறது. நுரைத்துப் பொங்கும் கள் அதன் விளைவு. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவியிருந்தாலோ காரத்தன்மை மிகுந்து மதுவம் தொழில் செய்யமாட்டாது; இனிப்பு மாறாத கருப்பணி இறங்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை. விரலளவு சுண்ணாம்பு செய்யும் வேறுபாடு இத்துணை!

காற்றின்றிப் பிழைக்கும் மதுவத்திற்கு இவ்விரண்டு நாணயங்களே கூலி. மீதிச் சத்தி அற்ககோலிலேயே தங்கிவிடுகிறது. வடித்த சாராயத்திலே தீப்பற்றுவது அதனாலேதான்; மதுவம் செலவிடாது விட்ட பணத்தை நெருப்புச் செலவிடுகிறது. காற்றுக் கிடைத்தால் அதே மதுவம் குறைந்த வெல்லத்தைக் கொண்டே நன்கு பெருகும் என்பதைப் பிரான்சு நாட்டறிஞர் லூயி பாஸ்டர் 1861இலேயே கண்டறிந்தார்.

மனிதக் கலம் அவ்வளவோடு நிற்பதில்லை. பைருவிக்கமிலம் இழைமணி என்னும் நுண்ணுறுப்புக்குள் நுழைகிறது. சுன்னாகத்தின் அனல் மின்னிலையத்தை அறியாதார் யாழ்ப்பாணத்திற் சிலரே. அங்கே எண்ணெய் எரிந்து பிறக்கும் மின்சாரம் எங்கோ ஒரு வீட்டு விளக்கிலும் நீரிறைக்கும் பம்பியிலும் வேலை செய்தது. கலத்தின் மின்னிலையம் இழைமணி. ஈரற்கலமொன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள. ஓய்வறியா இதயத் தசையிலோ அவை நெருங்கிக் கிடக்கின்றன. உள்ளே, ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் வகுத்துக் காட்டிய வட்டத்திலே பைருவிக்கமிலத்தின் எச்சம் சுழன்று, அதன் காபன் அனைத்தும் காபனீரொட்சைட்டாகிறது. நாம் வெளிவிடும் மூச்சிலே போவது அதுதான். அதிலிருந்த ஐதரசனின் இலத்திரன்களோ பத்திரமாகப் பிரித்தெடுக்கப்படுகின்றன. சத்தியின் பெரும்பங்கு அவ்விலத்திரன்களிலேயே இருக்கிறது.

இதற்குமேல் நிகழ்வதை விளக்க எனக்குத் துலாவைவிடச் சிறந்த உவமை அகப்படவில்லை. பம்பி வருமுன்னர் நம் தோட்டங்களிலே துலாமரத்தின் மீது ஆள் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கிணற்று நீர் மேலே வரும். மேட்டிலே கொட்டிய நீர் தானே வாய்க்கால் வழியாக இறங்கிப் பாத்திக்குப் பாயும். இழைமணியின் உட்சவ்விலே வரிசையாக நிற்கும் புரதங்கள் இலத்திரன்களைக் கைக்குக் கை மாற்றுகின்றன. மாற்றும்போது வெளிப்படும் சத்தி துலா மிதிக்கும் ஆளைப்போல் வேலை செய்து, புரோத்தன்களைச் சவ்வின் மறுபுறத்திற்கு இறைக்கிறது. அங்கே குவிந்த புரோத்தன்கள் திரும்பி வர ஒரே வாய்க்கால். அந்த வாய்க்காலிலே ஒரு சில்லு. புரோத்தன் பாயச் சில்லுச் சுழல்கிறது. சில்லுச் சுழல நாணயம் அச்சாகி விழுகிறது. இக்கருத்தை இங்கிலாந்து தேசத்துப் பீற்றர் மிச்செல் 1961இல் வெளியிட்டபோது அறிஞர் பலர் நம்பவில்லை. 1978இல் அவருக்கே நோபெல் பரிசு கிடைத்தது. சில்லின் தொழிலை விளக்கிய போல் பொயருக்கும் ஜோன் வோக்கருக்கும் 1997இல் அப்பரிசிற் பங்கு கிடைத்தது.

ஒரு குளுக்கோசிலிருந்து எல்லாமாக எத்தனை நாணயம்? எங்கள் ஆசிரியர் காலத்து நூல்களில் 38 என்றும் 36 என்றும் இருக்கும். இன்று 30 அல்லது 32 என்கிறார்கள். தாத்தாவின் புத்தகத்தைப் பார்த்துவிட்டு என்னோடு வாதாட வரும் மாணவர் இதைக் கவனிப்பாராக. கலம் சத்தியில் மூன்றிலொரு பங்கையே நாணயமாக்குகிறது. மீதி வெப்பமாகி உடலைச் சூடாக வைத்திருக்கிறது.

இந்த நாணயத்தை முதலில் இனங்கண்ட மிகச் சிலருள் ஒருவர் சென்னையிலே படித்தவர் என்பது நம் பிள்ளைகளிற் பலருக்குத் தெரியாது. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்திலே பிறந்தார். மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப்பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியிலே காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, சத்திர சிகிச்சைக்குக் கதர் அங்கி அணிந்து சென்றார். பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். எழுதித் தேறிய பின்னரும் முழுப் பட்டத்துக்குப் பதிலாக ஒருபடி குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கொடுக்கப்பட்டது. சகோதரர் இருவரைக் குடல்நோய்க்குப் பறிகொடுத்த துயரத்தோடு 1922இல் பொஸ்ரன் நகருக்குக் கப்பலேறினார். ஆஸ்பத்திரியில் இரவுநேர ஊழியராக வேலை செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, ஹாவார்டிலே சைரஸ் பிஸ்க் என்பாரின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார்.

குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை நீல நிறத்தின் அடர்த்திகொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். பிஸ்க்-சுப்பாராவ் முறை என்று உயிரிரசாயன மாணவர் பல தலைமுறையாகப் பயின்றது அதுவே. அந்த அளவுகோலைக் கையிற் பிடித்துக்கொண்டு தசையை ஆராய்ந்தபோது 1927இல் பொசுபோகிரியற்றீன் அகப்பட்டது. 1929இல் அடினோசின் முப்பொசுபேற்றே அகப்பட்டது. அதே ஆண்டில் ஜெர்மனியிலே கார்ல் லோமனும் தனித்து அதைக் கண்டறிந்தார். தசையிலே மாத்திரமன்றி உயிர்களெங்கும் சத்தியைக் கொண்டு செல்லும் நாணயம் அதுவே என்பதை 1941இல் பிரிற்ஸ் லிப்மன் எடுத்துரைத்தார்.

இத்தனைக்கும் பின்னர் ஹாவார்டு சுப்பாராவுக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கொடுக்கவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வுகூடத்துக்குப் போனார். போலிக்கமிலத்தின் தொகுப்பு, யானைக்கால் நோய்க்கான மருந்து முதலியன அவர் வழிநடத்திய கூடத்திலே பிறந்தன. யானைக்கால் நோயை நேரிற் கண்ட நம் நாட்டவர் நினைந்து போற்றவேண்டிய பெயர் அது. தாயகம் திரும்பாமலே 1948இல், 53 வயதில், நியூயோர்க் மாநிலத்திற் காலமானார். இந்தியா அவருக்கு முத்திரை வெளியிட்டது 1995இலே. பரீட்சையில் ஒருமுறை தவறியதற்காகப் புத்தகத்தை மூடிவிடும் மாணவனிடம் நான் வேறொன்றும் பேசுவதில்லை. இவர் கதையைத்தான் சொல்கிறேன்.

இனி அம்மம்மாவின் கேள்விக்கு வருவோம். கைக்குக் கை மாறி வந்த இலத்திரன்களைக் கடைசியில் யார் ஏற்பது? அதற்குத்தான் ஒட்சிசன். அவ்விலத்திரன்களை ஏற்று, புரோத்தன்களோடு சேர்ந்து அது நீராகிறது. நாம் வாழ்நாளெல்லாம் இழுத்த மூச்சு ஏறத்தாழ முழுவதும் இந்தக் கடைசிக் கைமாற்றத்துக்காகவே. மரவள்ளியிலே லினமரின் என்றொரு பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போதோ மெல்லும்போதோ அதிலுள்ள நொதியம் லினமரினோடு கலக்க, ஐதரசன் சயனைட்டு பிறக்கிறது. அந்தச் சயனைட்டு இலத்திரனை ஒட்சிசனிடம் ஒப்படைக்கும் இறுதிப் புரதத்தையே போய்ப் பற்றிக்கொள்கிறது. வரிசையின் கடைசி ஆள் கையை மூடிவிட்டால் முன்னால் நிற்பவரெல்லாம் சுமையோடு நிற்க வேண்டியதுதான். துலா ஓய்கிறது, வாய்க்கால் வற்றுகிறது, நாணயம் அச்சாவதில்லை. குருதியிலே ஒட்சிசன் நிறைந்திருக்கும். கலம் அதை எடுக்கமாட்டாமையால் நாளக் குருதியும் சிவந்தே திரும்பும். காற்றிருந்தும் கலம் கள்ளுமுட்டி மதுவத்தைப்போல் இரண்டு நாணய வருவாய்க்குத் தள்ளப்படுகிறது.

அந்த வருவாயில் உடல் எவ்வளவு நேரம் தாங்கும்? நம் உடலிலே எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.ரி.பி. கால் கிலோவுக்கு மேற்படாது. ஆனால் ஒரு நாளிலே உடல் எடையளவு ஏ.ரி.பி.யைச் செலவிட்டுத் திரும்ப ஆக்குகிறோம். கையிருப்பு இல்லாத நாட்கூலிக்காரனின் குடித்தனம் போன்றது இது. உடலின் எடையில் ஐம்பதிலொரு பங்கேயான மூளை, ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கை வாங்குகிறது. முதலிற் பட்டினி கிடப்பதும் அதுவே. தங்கை தலையிடி என்றதும் துவண்டதும் அதனாலேதான். சிறிதளவு சயனைட்டை உடல் கந்தகத்தோடு சேர்த்து நஞ்சு நீக்கிவிடும். அவள் பிழைத்தாள்.

ஐதரசன் சயனைட்டு 26 பாகை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாவது. தோலை நன்கு சீவி, சிறு துண்டாக வெட்டி, நீரில் ஊறவிட்டு, நிறைந்த நீரிலே மூடாமல் நன்கு அவித்து, அந்நீரை வடித்து ஊற்றினால் நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். கைக்கும் கிழங்கை எத்துணைப் பசியாயினும் எறிந்துவிட வேண்டும். உண்டபின் தலை சுற்றினால் வீட்டு வைத்தியம் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இஞ்சியை விலக்குவோர் விலக்கட்டும். ஆனால் நஞ்சு கிழங்கிலேயே இருக்கிறது. இஞ்சியை விலக்கிவிட்டேன் என்ற துணிவிலே சட்டியை மூடுபவரைக் கண்டால் எனக்கு அச்சம்.

தங்கை இப்பொழுது ரொறன்ரோவிலே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அங்கே தமிழ்க்கடைகளிற் பனிக்கட்டியாய் உறைந்த மரவள்ளி பொதியிலே கிடைக்கிறது. அதையும் மூடி போடாமலே அவிக்கிறாளாம். போதாததற்குக் குசினி யன்னலையும் திறந்து வைக்கிறாளாம். மாசி மாதத்துக் குளிரிலே இதென்ன கூத்து என்று அத்தான் என்னிடம் தொலைபேசியிலே முறையிட்டார். நான் அவர் பக்கம் பேசவில்லை.