கேளா ஒலிக் காற்றுமானி: பழுதறிதலும் பராமரிப்பும்

துறைமுகங்களில் புயற்கூண்டு ஏற்றுவதற்கும், விமானம் எத்திசையில் இறங்க வேண்டும் எனத் தீர்மானிப்பதற்கும், பயிருக்கு மருந்து தெளிக்க உகந்த வேளையை உழவருக்கு அறிவிப்பதற்கும் காற்றின் வேகமும் திசையும் சரியாகத் தெரிந்திருத்தல் இன்றியமையாதது. நெடுங்காலமாக இவ்வேகத்தை அளந்து வந்தது கிண்ணக் காற்றுமானியாகும். அயர்லாந்தின் ஆர்மா வானாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ராபின்சன், நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள் கொண்ட கருவியை 1846இல் விளக்கினார். கனடாவைச் சேர்ந்த பாட்டர்சன் 1926இல் மூன்று கிண்ணங்களே மேலானவை எனக் காட்டினார். எளிமையும் உறுதியும் வாய்ந்த இக்கருவி இன்றும் வழக்கொழியவில்லை. எனினும் சுழலும் உறுப்பு எதுவும் தேயும். தேய்ந்த கிண்ணக் காற்றுமானி நின்றுவிடுவதில்லை. நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறைத்துக் காட்டும். அக்குறைவு எளிதில் கண்ணுக்குப் புலப்படாது.

அசையும் உறுப்பு யாதும் இல்லாத கேளா ஒலிக் காற்றுமானி இக்குறையினின்று நீங்கியது. இந்திய வானிலை ஆய்வுத்துறையின் தானியங்கி நிலையங்கள் பலவற்றில் இது பொருத்தப்பட்டுள்ளது. ஆயினும், தேய்மானம் இல்லை என்பதால் பராமரிப்பும் வேண்டா என எண்ணுதல் தவறு. இதன் பழுதுகள் வேறு வகையின. அவற்றை அறியக் கருவி இயங்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

இயங்கும் முறை

வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மனிதர் செவிக்குக் கேளாது. அத்தகைய ஒலியை எழுப்பவும் ஏற்கவும் வல்ல சிறு வில்லைகள் கருவியின் கைகளில் எதிரெதிராக அமைந்துள்ளன. ஒருவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என 1880இல் கியூரி சகோதரர்கள் கண்ட உண்மையே இவற்றின் அடிப்படை. நான்கு வில்லைகள் உள்ள கருவியில் வடக்கு தெற்காக ஒரு பாதையும், கிழக்கு மேற்காக மற்றொரு பாதையும் உண்டு.

காற்றோடு செல்லும் ஒலி விரைந்து சேரும்; எதிர்த்துச் செல்லும் ஒலி தாமதித்துச் சேரும். பாதையின் நீளம் 20 சென்டிமீட்டர், ஒலியின் வேகம் வினாடிக்கு 350 மீட்டர், காற்றின் வேகம் வினாடிக்கு 10 மீட்டர் எனக் கொள்வோம். ஒலி காற்றோடு செல்ல 555.6 மைக்ரோவினாடியும், எதிர்த்துச் செல்ல 588.2 மைக்ரோவினாடியும் ஆகும். இவ்விரு காலங்களின் தலைகீழ் எண்களைக் கண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாதை நீளத்தின் பாதியால் பெருக்கினால் காற்றின் வேகம் கிடைக்கும். கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிப் பெருக்கினால் கிடைப்பது ஒலியின் வேகம். முதற் கணக்கில் ஒலியின் வேகம் நீங்கிவிடுவதால், வெப்பநிலை மாறினும் காற்றின் அளவு பிறழ்வதில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவரும் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்.

காற்று வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசும்போது இரு காலங்களின் வேறுபாடு சுமார் 3.3 மைக்ரோவினாடியே. இத்துணைச் சிறிய வேறுபாட்டை அளக்கும் கருவிக்கு ஒரு நீர்த்துளியும் சிலந்தி நூலும் இடையூறாவதில் வியப்பில்லை.

வெப்பநிலை தரும் சாட்சி

ஒலியின் வேகத்திலிருந்து கருவி தானே கணித்துக் காட்டும் வெப்பநிலையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பழுதறிவதற்கு இதனினும் நல்ல துணை இல்லை எனலாம். பறவை மோதியோ ஏணி இடித்தோ ஒரு கை வளைந்து, 200 மில்லிமீட்டர்ப் பாதை 199 ஆகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். வினாடிக்கு 10 மீட்டர் காற்றைக் கருவி 10.05 எனக் காட்டும். இப்பிழையை எவரும் கவனியார். ஆனால் வெப்பநிலையோ ஏறத்தாழ 3 பாகை செல்சியஸ் மிகுந்து காட்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. காற்றிலுள்ள நீராவியும் ஒலியை விரைவாக்குகிறது. ஈரம் மிகுந்த கடற்கரையில் பழுதற்ற கருவியும் வெப்பமானியைக் காட்டிலும் 3 பாகை வரை அதிகம் காட்டக்கூடும். ஆகவே, கருவி நிறுவப்பட்ட காலத்தில் இவ்விரு அளவுகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைக் குறித்து வைத்து, அதே பருவத்தில், ஒத்த ஈரப்பத நிலையில் மீண்டும் ஒப்பிடுதல் வேண்டும். வேறுபாடு திடீரென மாறியிருப்பின் கைகளின் இடைவெளியை ஆராய்க.

அறிகுறியும் காரணமும்

மழையின்போது மட்டும் அளவுகள் தாறுமாறாகத் தாவி, உலர்ந்தபின் சீர்ப்படுமாயின், வில்லைகளின் மேல் நீர்த்துளி தங்கியதே பெரும்பாலும் காரணம். மழை ஓய்ந்து நெடுநேரமாகியும் சீர்ப்படாவிடில் வில்லையில் அழுக்கோ உப்புப் படிவோ இருத்தல் கூடும். இணைப்பில் ஈரம் புகுந்திருப்பதும் உண்டு. மழையற்ற நாளில் ஒரு பாதை மட்டும் பிழைக்குறி காட்டினால் சிலந்தி வலை, குளவிக்கூடு, பறவை எச்சம் ஆகியவற்றைத் தேடுக. பனி உறையும் இமயப் பகுதிகளில் வெப்பமூட்டும் அமைப்புள்ள கருவிகளே ஏற்றவை. அங்கு பிழைக்குறி தோன்றினால் அவ்வமைப்புக்கு மின்சாரம் செல்கிறதா எனப் பார்க்க.

பகலில் ஒழுங்காக இயங்கி விடியற்காலையில் மட்டும் பதிவு நின்றுபோனால், குற்றம் காற்றுமானியுடையதன்று. சூரியத் தகட்டால் மின்னேற்றம் பெறும் பாட்டரியுடையது. தகட்டின் மேல் படிந்த தூசியைத் துடைத்தபின், பாட்டரியின் அழுத்தத்தை இரவில் அளத்தல் வேண்டும்.

எண்களுக்குப் பதிலாகப் பொருளற்ற எழுத்துகள் வருமாயின், காற்றுமானியும் பதிவுக்கருவியும் வெவ்வேறு வேகத்தில் செய்தி பரிமாறும்படி அமைக்கப்பட்டுள்ளன என்று ஐயுறலாம். வேகம் அண்டை நிலையத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்காகவே எப்போதும் இருந்தால், அலகை நோக்குக. வினாடிக்கு 1 மீட்டர் என்பது 1.94 நாட்டுக்குச் சமம்.

வேகம் சரியாக இருந்து, திசை மட்டும் எப்பொழுதும் ஒரே அளவு பிறழ்ந்திருந்தால், கருவி கம்பத்தில் திரும்பிவிட்டது எனக் கொள்ளலாம். கருவியிலுள்ள வடகுறி உண்மை வடக்கை நோக்குதல் வேண்டும். காந்த ஊசி காட்டும் வடக்கு அதனின்று சற்று விலகியிருக்கும். மேலும் இரும்புக் கம்பத்தின் அருகில் காந்த ஊசியை நம்புதல் இயலாது. எளிய வழி ஒன்று உண்டு. சமதரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நாட்டி, அதனை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைக. முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால் அக்கோடு கிழக்கு மேற்காகும். அதற்குச் செங்குத்தான கோடு வடக்கு தெற்காகும். ஆலயம் எழுப்பும் சிற்பிகள் சங்கு நாட்டித் திசை கண்ட முறையும் இதுவே. ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு இதனைச் செய்வித்து, அருகிலுள்ள நிலையத்தின் வடகுறியோடு ஒப்பிடச் செய்யலாம்.

பராமரிப்பு

திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் காற்றை அளப்பது முறை. அண்மையிலுள்ள மரமோ கட்டடமோ அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கேனும் தொலைவில் இருத்தல் நன்று. நிறுவியபோது சிறு கன்றாக இருந்த மரம் சில ஆண்டுகளில் காற்றை மறைக்கும். அதனைக் கவனிப்பதும் பராமரிப்பே.

வில்லைகளை நீரில் நனைத்த மென்மையான துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். கத்தி, கம்பித்தூரிகை, கரைப்பான்கள், அழுத்தத்துடன் பீய்ச்சும் நீர் ஆகியவை ஆகா. கைகளைப் பிடித்துக் கருவியைத் தூக்கலாகாது. பறவைகள் அமராதபடி வைத்துள்ள முட்கம்பிகள் ஒலிப்பாதையில் சாய்ந்திராமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். இணைப்புகளின் துருவையும், மின்னல் காப்பின் நில இணைப்பையும் பருவமழைக்கு முன்னர்ச் சோதித்தல் நலம். இடி முழங்கும்போது கம்பத்தில் ஏறுதல் உயிருக்கு ஆபத்து.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் சுழிச் சோதனை செய்தல் தக்கது. உட்புறம் மெத்தைப் பஞ்சு ஒட்டிய பெட்டியொன்றால் ஒலிப்பாதையைத் தொடாதபடி கருவியை மூடி, சில நிமிடங்கள் விட்டுவைத்தால், வேகம் சுழிக்கு மிக அண்மையில் நிற்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த எல்லையைக் கடந்து நின்றால் கருவியைச் சோதனைக்கூடத்திற்கு அனுப்புக. அகற்றிய நாள், மீண்டும் பொருத்திய நாள், வடகுறி சரிபார்த்த விவரம் ஆகியவற்றை நிலையக் குறிப்பேட்டில் எழுதுதல் கடமை.

அமைதியும் இன்மையும்

பழுதுற்ற நேரத்துப் பதிவை எவ்வாறு எழுதுவது என்பதே எல்லாவற்றினும் முக்கியமானது. அளவு கிடைக்காத இடத்தில் சுழி எழுதுவது பெருந்தவறு. சுழி என்றால் காற்று அமைதியாக இருந்தது என்பது பொருள். வெற்றிடம் என்றால் அளக்கப்படவில்லை என்பது பொருள். புயல் கரையை நெருங்கும் இரவில் மின்தடையால் நின்ற கருவியின் வெற்றிடத்தைச் சுழியாக்கினால், கடுங்காற்று வீசிய ஊர் அமைதியாக இருந்ததாக ஏடு சொல்லும். அவ்வேட்டை நம்பிப் பிற்காலத்தில் பாலமும் மின்கோபுரமும் கட்டுவோர் உளர்.

திசைகளின் சராசரியிலும் இத்தகைய பொறி உண்டு. 350 பாகையும் 10 பாகையும் ஏறத்தாழ வடக்குத் திசையே. அவற்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் 180 பாகையோ நேர் தெற்கு. காற்றை வடக்கு, கிழக்கு எனக் கூறுபடுத்திச் சராசரி கண்டால் இப்பிழை நேராது.

கருவி எவ்வளவு நுட்பமாயினும், அது கூறுவதைப் பிறவற்றோடு ஒப்பிட்டு நோக்கும் ஊழியரின் கவனத்திற்கு அது ஈடாகாது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி, வேகம், திசை, வெப்பநிலை ஆகிய மூன்றையும் அண்டை நிலையத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் ஒன்றே பெரும்பாலான பழுதுகளைப் புயற் பருவத்திற்கு முன்னரே வெளிப்படுத்திவிடும்.