உஷார்! பழைய ஸ்பீக்கருக்குப் பெட்டி அடிக்கப் போகிறீர்களா?

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையை 2017 ஜூலை 10 அன்று மூடிவிட்டார்கள். அங்கேயாவது ஸ்பீக்கரின் கூம்பைத் தொட்டுப் பார்த்து வாங்க முடிந்தது. இப்போது போனில் படத்தைப் பார்த்துக் காசை அனுப்பிவிட்டு, டிரைவர் (பெட்டியில்லாத ஸ்பீக்கர்) வந்த அன்றே பலகை அறுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ரம்பத்தைக் கீழே வையுங்கள்!

இணையத்தில் கிடைத்த எண்ணை வைத்துப் பெட்டி அளவு போடுவதுதான் முதல் ஆபத்து. 1950களின் கேட்டலாக்கில் கியூடிஎஸ் (கூம்பின் அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்ற எண்), விஏஎஸ் (கூம்பின் பிடிமானத்துக்குச் சமமான காற்றின் அளவு) எல்லாம் இருக்காது. நெவில் தீல் இந்த எண்களை வைத்துப் பெட்டி அளவு போடும் கணக்கை வெளியிட்டதே 1961இல்தான். ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தது 1970களில். ஆக, நீங்கள் பார்க்கும் எண் யாரோ ஒருவர் தன்னுடைய டிரைவரை அளந்தது. உங்கள் டிரைவரின் அல்னிக்கோ காந்தம் வலுவிழந்திருக்கலாம். யாராவது அதைக் கழற்றி மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். இணையத்தில் கிடைத்த எண் விஏஎஸ் 100 லிட்டர், கியூடிஎஸ் 0.4 என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டியில் மொத்த கியூ 0.707 வர 47 லிட்டர் போதும். காந்தம் தளர்ந்து கியூடிஎஸ் 0.55 ஆகியிருந்தால் அதே டிரைவர் 153 லிட்டர் கேட்கும். ஜோடிக்கு 300 லிட்டருக்கு மேல்! வீவக வீட்டு ஹாலில் அதை வைக்க வீட்டில் சம்மதம் வாங்குவது உங்கள் பாடு. 47 லிட்டரிலேயே அடைத்தால் பாஸ் உப்பிப்போய் ஒலிக்கும்.

போர்ட் வைத்த பெட்டி என்றால் இன்னும் மோசம். போர்ட்டின் அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்புக்குக் காற்றின் பிடிமானம் இல்லை. பழைய டிரைவர் பலவற்றுக்கும் அசைய ஓரிரு மில்லிமீட்டர்தான் இடம். பழைய பாட்டுக்குத் தாங்கும். இன்றைய குத்துப்பாட்டின் அடி பாஸில் வாய்ஸ் காயிலே கழன்றுவிடும். அதிலும் குட்மன்ஸ் ஆக்சியம் 80 போல மெல்லிய கேன்டிலீவரில் கூம்பு நிற்பவை ரொம்ப நாசூக்கு.

முதலில் விரல்களைக் கூம்பைச் சுற்றிச் சமமாக வைத்து மெல்ல அமுக்குங்கள். 'சரக்' என்று உரசினால் இந்த ஊர் ஈரத்தில் காந்த இடைவெளி துருப்பிடித்திருக்கலாம்; அளப்பதுகூட அப்புறம்தான். சுத்தமாக இருந்தால் சிம் லிம் டவரில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் வாங்குங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸும் லேப்டாப்பில் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் இருந்தால் அந்த எண்களை நீங்களே அளந்துவிடலாம். ஜோடியில் ஒன்றை அளந்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். பலகைக்கு பிளைவுட் வாங்குங்கள். எம்டிஎஃப் என்றால் அறுத்த ஓரங்களை அடைத்துப் பூசியாக வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் ஊதிவிடும்.

டிரைவரிலிருந்து நான்கு ஒயர் வருகிறதா? அது ஃபீல்டு காயிலாக இருக்கலாம். நிரந்தரக் காந்தம் இல்லை, மின்சாரம் கொடுத்தால்தான் காந்தம். கொடுக்காமல் அளந்தால் வரும் எண் குப்பை. வால்வு ரேடியோவில் அந்தச் சுருள் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் பாதையிலேயே இருந்தது. விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதற்குக் கரண்ட் கொடுக்கவே கொடுக்காதீர்கள்!