முகவரியின் கடைசி இரு சொற்கள்

ஹைதராபாத் மாசாப் டேங்க் பகுதியில் வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது. இதை ரிசர்வ் வங்கி 1996ஆம் ஆண்டு நிறுவியது. இந்திய வங்கிகளுக்கு ‘பேங்க்.இன்’ என முடியும் இணைய முகவரிகளைப் பதிவு செய்து வழங்கும் பொறுப்பு இந்நிறுவனத்துக்கே உரியது. போலித் தளங்களில் வாடிக்கையாளர்கள் ஏமாறுவதைத் தடுக்க, எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் இம்முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி அவ்வாண்டு ஏப்ரலில் அறிவுறுத்தியது.

நமக்கு இது சில எழுத்துகளின் மாற்றமே. வெப் டெவலப்பர் எனப்படும் இணையதள உருவாக்குநருக்கோ, ஓய்வின்றி உழைக்க வேண்டிய பணி. அத்தகைய ஒரு வாரத்தைக் காண்போம்.

வாரத் தொடக்கம் தேடலில் கழிகிறது. படிவங்கள், குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள் என, பழைய முகவரி இடம்பெற்ற ஒவ்வோர் இடமும் பட்டியலிடப்படுகிறது. அடுத்து, பழைய முகவரியைத் தட்டச்சு செய்பவரும் தாமாகவே புதிய தளத்தைச் சென்றடையுமாறு ‘301’ எனும் நிரந்தரத் திசைதிருப்பல் அமைக்கப்படுகிறது. பழைய முகவரியைக் கைவிடவும் இயலாது. அதன் பதிவு காலாவதியானால், வேறொருவர் அதைப் பெற்று, நாம் பழகிய பெயரிலேயே பொய்த்தளம் திறந்துவிடலாம். பரிவர்த்தனை குறைந்த நள்ளிரவில் மாற்றம் நடைமுறைக்கு வந்தபின், எஞ்சிய நாள்கள் பிழைப் பதிவேடுகளை வாசிப்பதில் செல்கின்றன.

வாசிப்பு இத்தொழிலின் பாதி. விலையின்றிக் கிடைக்கும் மூன்று நூல்தொகுதிகள் இத்துறையினருக்குப் பெரிதும் பயன்படுகின்றன. இணைய மொழிகளின் இலக்கணத்தை ‘எம்.டி.என்.’ ஆவணங்கள் விளக்குகின்றன. தளங்களில் மிகுதியாகக் காணப்படும் பாதுகாப்புக் குறைகளை ‘ஓவாஸ்ப்’ அமைப்பு 2003 முதல் பத்து தலைப்புகளில் தொகுத்து வெளியிட்டு வருகிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டுநெறிகள் மூன்றாவது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2023 அக்டோபரில் வெளியான 2.2 பதிப்பு, உள்நுழைவதற்குப் பயனரின் நினைவாற்றலை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது என்கிறது. பார்வை மங்கிய ஓய்வூதியர் பிறர் துணையின்றித் தம் கணக்கைக் காண்பதும், கடவுச்சொல்லை அயலாரிடம் சொல்ல நேர்வதும் இத்தகைய நுட்பங்களைப் பொறுத்தவை.

வாடிக்கையாளராகிய நாமும் ஒரு வரியை வாசிக்கப் பழகுதல் நலம். அது முகவரி வரி. தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டறியுங்கள். அதற்குச் சற்று முன்னர், முன்புள்ளியுடன் ‘.பேங்க்.இன்’ என முடிகிறதா என்று பாருங்கள். ஒற்றைச் சாய்கோடு இல்லையெனில், முகவரியின் இறுதியிலேயே அச்சொற்கள் இருத்தல் வேண்டும். அவை நடுவில் வந்து, பின்னர் வேறு பெயர் தொடர்ந்தால் அது நம் வங்கி அன்று. பூட்டுக் குறியீட்டை மட்டும் நம்பிவிடலாகாது. இடைவழியில் செய்தியைப் பிறர் படிக்க இயலாது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றன்று.

குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடுவதைவிட, முகவரியை நாமே தட்டச்சு செய்வது பாதுகாப்பானது. ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால் உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் அழையுங்கள். உருவாக்குநரின் ஒரு வார உழைப்பு, நாம் முகவரியை வாசிக்கும் அந்த ஒரு நொடியில்தான் முழுப்பயன் பெறுகிறது.